மதிப்புரையில் நூலின் எடையையும் குறிப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு புத்தகப் பக்கத்தில், கடந்த ஓராண்டில் என்ன நூல்கள் வாங்கினீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், அடுத்து எதை வாசிக்கப் போகிறீர்கள் என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். வந்த விடைகளை மூன்று வாரங்களாக வெளியிட்டும் வருகிறீர்கள். அவை அனைத்தையும் நான் ஒன்றுக்கு இருமுறை வாசித்தேன். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் எழுதியவர்கள் கடைக்குப் போய்ப் புரட்டிப் பார்த்ததையும், கண்காட்சியில் பை நிறைய வாங்கியதையும், வாங்கியவற்றில் பாதி இன்னும் பிரிக்கப்படாமல் இருப்பதையும் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரிசையில் பர்மாவிலிருந்து ஒரு விடையும் இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். இறுதியில் தங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கிறேன்.

நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்து, வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழ் வாசகர். தங்கள் இதழைக் கைப்பேசியில்தான் படிக்கிறேன். இந்நகரில் இன்று தமிழ் நூல் விற்கும் கடை எதுவும் எனக்கு எட்டிய தூரத்தில் இல்லை. பன்சோடான் தெரு நடைபாதையிலும், 37ஆம் தெருவிலும், 2017இல் தேன்பியு சாலையில் தொடங்கிய வார இறுதிப் புத்தகத் தெருவிலும் பர்மிய நூல்களும் பழைய ஆங்கில நூல்களும் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றுக்கிடையே தமிழ் எழுத்து அச்சிட்ட ஒரு நூலைக் காண்பது ஆண்டுக்கு ஒருமுறை நேர்ந்தாலே பெரிது. நேர்ந்தால் அது பெரும்பாலும் 1950களில் அச்சான பக்தி நூலாகவோ, அட்டை போன சோதிட நூலாகவோ இருக்கும். அதையும் நான் வாங்கிவிடுவேன்.

எனக்கு வாசிப்பு வந்தது பள்ளியால் அன்று, மூன்று தகரப் பெட்டிகளால். என் தந்தையார் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டு, மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்ட பிறகு, எங்கள் தெருவில் வீடு வீடாகக் கப்பலேறினார்கள். பாட்டியார் படுக்கையில் இருந்ததால் நாங்கள் தங்கிவிட்டோம். புறப்பட்டவர்கள் எடுத்துச் செல்ல முடியாத பொருள்களில் நூல்களும் அடங்கும். 'கணக்குப்பிள்ளை வைத்துக்கொள்ளட்டும், அவர்தான் படிப்பார்' என்று சொல்லி ஒவ்வொரு குடும்பமும் இரண்டு, நான்கு என்று என் தந்தையாரிடம் கொடுத்துவிட்டுப் போயிற்று. அப்படிச் சேர்ந்தவையே அந்த மூன்று பெட்டி நூல்கள். அடுத்த ஆண்டு தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. நான் சேரவிருந்த தமிழ்ப் பள்ளியும் அதோடு முடிந்தது. ஏழு வயதுச் சிறுமியான நான் பகலில் பர்மியப் பள்ளிக்குச் சென்றேன். இரவில் தந்தையாரின் பாயருகே அமர்ந்து அந்தப் பெட்டிகளிலிருந்தே தமிழ் படித்தேன்.

பெட்டியில் பாதிக்கு மேல் வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து வரிசையாக வைத்துத் தைத்த கட்டுகள். ஒரு பக்கத்தில் கதை ஓடும். மறுபக்கத்தில் பற்பொடி விளம்பரமோ சமையற் குறிப்பின் பாதியோ இருக்கும். இடையில் ஓர் இதழ் கப்பலில் வந்து சேராமற் போனால் அந்த வாரத்துக் கதை இல்லாமலேயே கட்டு தொடரும். விட்டுப்போன அத்தியாயத்தில் என்ன நடந்திருக்கும் என்று தந்தையார் தாமே சொல்லி நிரப்புவார். பிற்காலத்தில் அவற்றுள் ஒரு நாவலின் முழுப் பதிப்பு என் கைக்கு வந்தபோது, நான் முதலில் தேடிப் படித்தது அந்த ஓர் அத்தியாயத்தைத்தான்.

இந்த நகரம் தமிழ் நூல்களைத் தருவிப்பதோடு மட்டும் நின்றதன்று என்பதையும் தங்கள் வாசகர்களில் இளையவர்கள் அறிய வேண்டும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, அன்று ரங்கூன் எனப்பட்ட இந்நகரின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். மொகல் தெருவில், அதாவது இன்றைய சுவேபோந்தா தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியடிப் பையன்கள், அடுத்தாட்கள் என்னும் கீழ்நிலைப் பணிகளுக்கு வந்த இளைஞர்கள் இரவில் கணக்கை முடித்தபின் படித்தார்கள். இராயவரத்திலிருந்து இங்கு வேலைக்கு வந்து திரும்பிய வை. கோவிந்தன் 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கினார். பின்னாளில் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு மலிவுப் பதிப்பாகத் தந்தவரும் அவரே. இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிய கண. முத்தையா ரங்கூன் சிறையில் இருந்தபடியே ராகுல சாங்கிருத்தியாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை' நூலைத் தமிழாக்கி, சென்னை திரும்பி 1946இல் தமிழ்ப் புத்தகாலயத்தை நிறுவினார். 1932இல் இங்கு வந்த வெ. சாமிநாத சர்மா 1937 முதல் 'ஜோதி' என்ற மாத இதழை இந்நகரிலிருந்தே நடத்தினார். உலக அரசியலையும் வரலாற்றையும் எளிய தமிழில் சொல்ல முடியும் என்பதை அந்த இதழ் காட்டிற்று. என் தந்தையாரின் பெட்டியில் அதன் ஆறு இதழ்கள் இருந்தன. இப்போது நான்கு இருக்கின்றன. தமிழ்நாட்டில் நல்ல நூல்களை மலிவாகவும் செம்மையாகவும் வெளியிட்டவர்களில் இத்தனை பேருக்கு ரங்கூன் வாழ்வு ஒரு பகுதியாக இருந்திருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டுதான் இன்று ஒரு நூலுக்கு எட்டு மாதம் காத்திருக்கிறோம்.

இனி எங்கள் வாங்கும் முறைக்கு வருகிறேன். தங்கள் பக்கத்தில் எழுதிய வாசகர்களுக்கு நூலைத் தேர்பவர், வாங்குபவர், சுமப்பவர், வாசிப்பவர் எல்லாம் ஒருவரே. எங்களுக்கு அப்படியன்று. நான் யாங்கோனில் இருந்து தேர்கிறேன். புதுக்கோட்டையில் இருக்கும் உறவினர் ஒருவர் சென்னைக்குப் போகும்போது வாங்குகிறார். கோயில் குளத்துக்கோ மருத்துவத்துக்கோ இங்கிருந்து சென்று திரும்பும் வேறொருவர் சுமந்து வருகிறார். சுமந்து வருபவருக்குத் தம் பெட்டியில் சேலையும் வேட்டியும் மருந்தும் வைக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. அவர் எனக்காக இரண்டு கிலோ ஒதுக்கினால் அது பெரிய உதவி. முன்பு மணிப்பூரின் மோரே ஊரில் உள்ள எங்கள் உறவினர் வழியாகவும் நூல்கள் வரும். பர்மாவிலிருந்து போய், மீண்டும் இங்கு வர முயன்று, எல்லையிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் அவர்கள். எல்லைக்கு இருபுறமும் அமைதி குலைந்தபின் அந்த வழி எங்களுக்கு இல்லாமற் போயிற்று.

ஆகவே ஒரு நூலைப் பற்றி நான் முதலில் அறிய விரும்புவது அதன் எடை. இது இலக்கியத்தை அவமதிப்பதாகத் தோன்றக் கூடாது. டெம்மி எனும் வழக்கமான நூல் அளவில் 320 பக்கங்கள் கொண்ட நூல், சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாளில் அச்சாகியிருந்தால், சாதாரண அட்டையுடன் ஏறத்தாழ 350 கிராம் இருக்கும். அதே நூலை 80 கிராம் தாளில் அடித்தால் 400 கிராம் ஆகிவிடும். கெட்டி அட்டை போட்டால் இன்னும் கூடும். இந்தக் கணக்கை நான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பக்க எண்ணிக்கையும் நூலின் அளவும் தெரிந்தால் எடையை ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவேன். இரண்டு கிலோவுக்குள் ஐந்து நூலா, மூன்றா, அல்லது எல்லாரும் புகழும் ஐந்து பாகச் சரித்திர நாவலின் முதல் மூன்று பாகமா என்று முடிவு செய்வது எனக்கு ஒரு மாத வேலை. பட்டியலை எழுதுவேன், அடிப்பேன், மீண்டும் எழுதுவேன். அந்த ஒரு மாதமும் நான் உண்மையில் அந்த நூல்களோடேயே வாழ்கிறேன் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தத் தேர்வுக்கு எனக்கு இருக்கும் ஒரே சாளரம் தங்கள் பக்கத்தைப் போன்ற புத்தகப் பக்கங்களே. கடையில் நிற்கும் வாசகர் நூலைக் கையில் எடுத்த கணத்திலேயே பலவற்றை அறிந்துகொள்கிறார்: தடிமன், எழுத்தின் அளவு, தாளின் தரம், பின்னட்டைக் குறிப்பு, பொருளடக்கம், முதற்பதிப்பு வந்த ஆண்டு. கை அறிந்துகொள்ளும் இவை எதுவும் மதிப்புரையில் வருவதில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மதிப்புரையைப் படித்து, 'ஒரே மூச்சில் படிக்கத்தக்க குறுகிய வாழ்க்கைச் சித்திரம்' என்று எண்ணி ஒரு நாவலைக் கேட்டனுப்பினேன். அது 900 பக்கத்தைத் தாண்டிய கெட்டி அட்டை நூல் என்பது வாங்கியவருக்குத்தான் தெரிந்தது. நான் கேட்டதாயிற்றே என்று அவர் வாங்கிவிட்டார். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அதை ஏற்ற வேண்டி, பட்டியலில் இருந்த மற்ற மூன்று நூல்களைப் புதுக்கோட்டையிலேயே விட்டுவிட்டு வந்தார் சுமப்பவர். நாவல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விட்டு வந்த மூன்றில் ஒன்று எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்த அகராதி. அது வந்து சேர மேலும் ஓராண்டு ஆயிற்று.

மற்றொரு முறை நேர்ந்தது எனக்கு இன்னும் வருத்தம் தருவது. நான் மதிக்கும் எழுத்தாளர் ஒருவரின் புதிய சிறுகதைத் தொகுப்பு என்று மதிப்புரை கண்டு தருவித்தேன். பிரித்துப் பார்த்தால், என்னிடம் ஏற்கெனவே இருந்த பழைய தொகுப்பு இரண்டிலிருந்து கதைகளைச் சேர்த்துப் புதிய தலைப்பு இட்டிருந்தார்கள். புதிதாக இருந்தவை இரண்டே கதைகள். பதிப்பகத்தை நான் குறை சொல்லவில்லை. முன்னுரையில் அவர்கள் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரியை மதிப்புரையும் சொல்லியிருந்தால் போதும்.

நூலின் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாங்கோனில் மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழை சுவரையும் துணியையும் மட்டுமின்றி நூலின் முதுகையும் நனைத்துவிடுகிறது. பக்கங்களை மடித்துத் தைத்துக் கட்டிய பழைய நூல்கள் அறுபது மழைக்காலங்களைக் கண்டும் குலையாமல் நிற்கின்றன. முதுகைச் சீவிப் பசையால் மட்டும் ஒட்டிய இக்கால நூல்களில் சில இரண்டாவது மழையிலேயே இதழ் இதழாக உதிர்ந்துவிட்டன. அப்படி உதிர்ந்தவற்றை ஊசியும் மெழுகு நூலும் கொண்டு நானே தைத்து வைத்திருக்கிறேன். நூலை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் போடுகிறேன். பதிப்பாளர்கள் விலையைக் குறைக்கப் பசைக் கட்டுக்குப் போவதன் நியாயம் எனக்குப் புரிகிறது. தையற் கட்டாக இருந்தால் அதை நூலிலும் அறிவிப்பிலும் பெருமையோடு குறிப்பிட்டால், ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் நாங்கள் அதையே வாங்குவோம்.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. முந்நூறு ரூபாய் நூல் இன்றைய வெளிச்சந்தை மதிப்பில் பத்தாயிரம் கியாட்டுக்கும் மேல் வருகிறது. 2018இல் இந்நாட்டில் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 4,800 கியாட் என்று நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அதன்மேல் படித்தொகை கூடினாலும் பணத்தின் மதிப்பு அதைவிட வேகமாகக் குறைந்துவிட்டது. ஆகவே இங்கு ஒரு தமிழ் நூல் வாங்குவது சில நாள் கூலியைச் செலவிடுவதாகும்.

மின்னூல் இருக்கிறதே என்று தங்கள் வாசகர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது, நான் அதனால் பயன்பெற்றவளும் ஆவேன். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை எவரும் படிக்க வைத்திருப்பதும் எங்களைப் போன்றோருக்குச் செய்த உதவி சிறிதன்று. ஆனால் பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டவை. கைப்பேசித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் விரலால் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கிறது. புதிய நூல்களின் மின்பதிப்பை விலைக்கு வாங்கவோ வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை வேண்டும்; என்னிடமும் என் நண்பர்கள் பெரும்பாலோரிடமும் அது இல்லை. மின்சாரம் இங்கு முறைவைத்து வருவதால், கைப்பேசியின் மின்கலத்தைச் செய்திக்கும் பிள்ளைகளோடு பேசுவதற்கும் சேமித்து, இரவில் மின்கல விளக்கொளியில் அச்சு நூலைப் படிப்பதே எளிதாக இருக்கிறது.

ஒரே ஒரு முறை நான் நேரில் வாங்கினேன். பழனிக்கு வேண்டுதல் நிறைவேற்ற வந்தபோது, 2019 சனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு இரண்டு நாள் சென்றேன். 1977இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியைப் பற்றி இளம் வயது முதல் கேட்டிருந்தேன். நுழைந்ததும் எனக்கு வாங்கத் தோன்றவில்லை. முதல் நாள் முழுவதும் ஒவ்வோர் அரங்கிலும் நின்று முதல் பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டே சென்றேன். ஓர் அரங்கில் நின்ற இளைஞர், 'வாங்க வேண்டாம் அம்மா, உட்கார்ந்து படியுங்கள்' என்று நாற்காலி போட்டார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லையே என்று இன்றும் எண்ணுவேன். இரண்டாம் நாள் பத்து விழுக்காடு தள்ளுபடியோடு பதினான்கு கிலோ வாங்கினேன். உடுத்த எடுத்து வந்த சேலைகளை உறவினர் வீட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். அந்தப் பதினான்கு கிலோதான் பெருந்தொற்றுக் காலத்திலும் அதன்பின் வந்த ஆண்டுகளிலும் எங்கள் முப்பது குடும்பங்களுக்குத் தீனியாக இருந்தது.

முப்பது குடும்பங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பர்மாவில் தெருவுக்குத் தெரு நூல் வாடகைக் கடை இருந்தது. இன்றும் சில பகுதிகளில் இருக்கிறது. ஒரு நாவலையோ சித்திரக் கதையையோ நாள் வாடகைக்கு எடுத்து வந்து, வீட்டில் உள்ள எல்லாரும் படித்து, மறுநாள் திருப்பிக் கொடுப்பார்கள். கடைக்காரர் ஒவ்வொரு நூலுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டு, முதுகை மறுபடியும் தைத்து வைத்திருப்பார். அந்த முறையைப் பார்த்து, நாங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் இடத்தில் ஒரு பெட்டி வைத்தோம். வாடகை கிடையாது, இரண்டு வாரத் தவணை, படித்து முடித்தவர் கடைசி வெற்றுப் பக்கத்தில் தம் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். பெட்டியில் உள்ள ஒரு சிறுகதைத் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் முப்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு நூல் ஆயிரம் படி அச்சாகி விற்கவே ஆண்டுகள் ஆகின்றன என்றும், அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வராவிட்டால் பதிப்பாளர் இடர்ப்படுகிறார் என்றும், இப்போது நூறு இருநூறு படிகளாகத் தேவைக்கேற்ப அச்சிடுகிறார்கள் என்றும் படிக்கும்போது, எங்கள் ஒரு படியை முப்பத்தொரு பேர் படித்ததை அந்த எழுத்தாளருக்கு யாரேனும் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பிள்ளைகளுக்கான நூல்களில்தான் எங்கள் பட்டினி அதிகம். எங்கள் வகுப்பில் உள்ளவர்கள் பர்மிய எழுத்தைச் சரளமாக வாசிக்கிறார்கள்; தமிழை எழுத்துக் கூட்டியே வாசிக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் கதையைக் கொடுத்தால் அவமானமாக எண்ணுகிறது. பத்து வயதுக்குரிய கதையைக் கொடுத்தால் முதல் பத்தியிலேயே களைத்துவிடுகிறது. பெரிய எழுத்து, குறுகிய வரி, ஆனால் வளர்ந்த பிள்ளையின் அறிவுக்கு ஈடான பொருள் என்று எழுதப்பட்ட நூல்கள் எங்களுக்கு வேண்டும். கடல் கடந்து வாழும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தத் தேவை இருக்கும் என்றே நம்புகிறேன். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் படக் கதைகள் மெல்லியவை, விலையும் குறைவு. ஒரு கிலோவில் பத்துப் பன்னிரண்டு வைக்கலாம். கடந்த இரண்டு முறையும் என் நூல்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அவற்றையே தருவித்தேன். தங்கள் புத்தகப் பக்கத்தில் சிறார் நூலுக்கு மாதம் ஒரு பத்தி கிடைத்தாலும் அது எத்தனையோ வீடுகளில் வெட்டி வைக்கப்படும்.

அடுத்து என்ன வாசிக்கப் போகிறேன் என்ற கேள்விக்கு விடை சொல்கிறேன். பரிமேலழகர் உரையோடு திருக்குறளை வாரம் ஓர் அதிகாரமாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். 133 அதிகாரங்களும் முடிய இரண்டரை ஆண்டு ஆகும். இப்போது விருந்தோம்பலில் இருக்கிறோம். உரையின் சொற்றொடரைப் பிரித்துப் பொருள் காண்பதற்கே ஒரு மாலை போய்விடுகிறது. வேகமாகப் படித்தபோது காணாதவற்றை இப்போது காண்கிறேன். அதோடு, வெ. சாமிநாத சர்மா 1942இல் தம் மனைவியாரோடு பர்மாவிலிருந்து இந்தியாவுக்குப் போன நடைப் பயணத்தைப் பற்றி எழுதியதை வகுப்பில் உரக்கப் படிக்க எண்ணியிருக்கிறேன். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்தபின் பல்லாயிரவர் நடந்தார்கள். பலர் கலேவா, தமு வழியாக மணிப்பூர் சென்றார்கள். எங்கள் பிள்ளைகள் பலரின் பூட்டனாரும் அவர்களுள் சிலர். அந்த ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகள் இன்று செய்தியில் மட்டுமே கேட்கிறார்கள். நிலப்படத்தைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே படிக்கலாம் என்று திட்டம்.

புதிய நூல்களில் நான் தேடுவது இரண்டு வகை. ஈழத்து எழுத்தாளர்களின் சிறுகதைகள் முதலாவது. இடம்பெயர்ந்தவர்களின் மொழி எனக்கு விளக்கமின்றியே புரிகிறது. பெண்கள் தம் வேலையைப் பற்றி எழுதும் நூல்கள் மற்றொன்று. வயல், மீன் சந்தை, தையற் கூடம், மருத்துவமனை என்று உழைக்கும் இடங்களைப் பற்றிய தமிழ் நூல்கள் பெருகியிருப்பதைத் தங்கள் பக்கத்தின் மூலமே அறிகிறேன். என் பட்டியலில் இப்போது அத்தகைய நூல்கள் ஏழு உள்ளன.

கோரிக்கைக்கு வருகிறேன். ஒவ்வொரு மதிப்புரையின் அடியிலும் தாங்கள் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை ஆகியவற்றைத் தருகிறீர்கள். அவற்றோடு பக்க எண்ணிக்கையையும், நூலின் அளவையும், கட்டு எவ்வகை என்பதையும், மின்பதிப்பு உண்டா என்பதையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். இயன்றால் எடையையும் குறிப்பிட வேண்டும். மதிப்புரை எழுதுபவரின் கையில் நூல் இருக்கிறது. சமையலறைத் தராசு அவர் வீட்டிலும் இருக்கும். தொகுப்பு நூலாயின் அதில் முன்பு வெளிவந்தவை எத்தனை, புதியவை எத்தனை என்றும் சொல்ல வேண்டும். இது பர்மாவில் உள்ள எங்களுக்கு மட்டும் உதவுவதன்று. மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள தமிழரும் உறவினர் பெட்டியை நம்பி வாங்குவோர் இருப்பார்கள் என எண்ணுகிறேன். தமிழ்நாட்டுச் சிற்றூரில் அஞ்சலில் தருவிக்கும் வாசகருக்கும் அஞ்சற் செலவு எடையைப் பொறுத்ததே.

வரும் தை மாதம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து வருகிறான். அவன் எனக்கென்று ஆறு கிலோ ஒதுக்கியிருக்கிறான். இதுவரை எவரும் இவ்வளவு ஒதுக்கியதில்லை. இரண்டு கிலோ பிள்ளைகளின் நூல்களுக்கு, ஒரு கிலோ அகராதிக்கு என்று கணக்கிட்டதுபோக மூன்று கிலோ இருக்கிறது. நான் மேலே சொன்ன ஏழு நூல்களில் நான்குக்குப் பக்க எண்ணிக்கை தெரியாமல் பட்டியலில் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நான்கும் தங்கள் பக்கத்தில் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் மதிப்புரை பெற்றவை. அவற்றின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். மார்கழி முடிவதற்குள் ஏதேனும் ஒரு ஞாயிறு இதழில் அந்நான்கின் பக்க எண்ணிக்கையையும் வெளியிட்டு உதவினால், அவன் புறப்படுமுன் பட்டியலை முடித்து அனுப்பிவிடுவேன்.

நன்றியுடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
யாங்கோன், பர்மா